திரையில் அடங்காதவை: அறிவியல் தொடரும் துணைக் கட்டுரைகளும்

கேள்வி: இயற்பியல் ஆசிரியர்களும் உயிரியல் ஆய்வாளர்களுமாக நாங்கள் சிலர், தொலைக்காட்சியில் வரவிருக்கும் வாராந்திர அறிவியல் தொடர் ஒன்றுக்கு ஆலோசகர்களாக இருக்கிறோம். ஒவ்வொரு பகுதியையும் ஒட்டி நாங்களே கூட்டாகக் கட்டுரைகள் எழுதி வெளியிட விரும்புகிறோம். "நிகழ்ச்சியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோமே, கட்டுரை எதற்கு?" என்கிறார் தயாரிப்பாளர். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: நிகழ்ச்சியில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பதுதான் பதில். பின்னணிக் குரல் வாக்கியத்துக்கு வாக்கியம் "இருக்கலாம்", "என்று கருதப்படுகிறது" என்று தயங்கினால், பார்ப்பவர் சேனலை மாற்றிவிடுவார். ஆகவே புதைபடிவத்தில் நேரடியாகத் தெரிவது, அதை வைத்து ஊகித்தது, ஓவியர் தம் விருப்பப்படி சேர்த்தது ஆகிய மூன்றும் ஒரே உறுதியான குரலில், ஒரே மெருகோடு வந்து சேர்கின்றன.

1999-இல் பிபிசி ஒளிபரப்பிய 'வாக்கிங் வித் டைனோசர்ஸ்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் லையோபிளியூரோடான் என்னும் கடல்வாழ் ஊர்வனவற்றின் நீளம் 25 மீட்டர் என்று சொல்லப்பட்டது. ஐயத்துக்கு இடமின்றி அந்த விலங்குக்கே உரியவை என்று கொள்ளத்தக்க புதைபடிவங்களிலிருந்து கிடைக்கும் மதிப்பீடோ ஏறத்தாழ 6 முதல் 7 மீட்டர்தான். முழு எலும்புக்கூடு எதையும் அளந்து 25 என்ற எண் வரவில்லை. துண்டு துண்டான எச்சங்களை வைத்துப் போட்ட துணிச்சலான கணக்கு அது. தொடரில் அந்தக் காட்சி ஓடிய நேரத்தில் இதையெல்லாம் விளக்க இடமில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் எந்த எலும்பை வைத்து எந்தக் கணக்கு போடப்பட்டது என்று அன்றைக்கே ஒரு பக்கம் எழுதப்பட்டிருந்தால், படித்தவருக்கு அந்த விலங்கோடு சேர்த்து ஓர் ஆய்வாளர் எப்படி முடிவுக்கு வருகிறார் என்பதும் தெரிந்திருக்கும். என்னைக் கேட்டால், விலங்கைவிட அதுவே சுவையான செய்தி.

வானியல் படங்களுக்கும் இது பொருந்தும். கழுகு நெபுலா என்னும் விண்வெளி வாயு மேகத்திலுள்ள 'படைப்பின் தூண்கள்' என்ற வாயுத் தூண்களை ஹபிள் தொலைநோக்கி 1995-இல் எடுத்த படம், அறிவியல் தொடர்களில் அடிக்கடி தலைகாட்டுகிறது. அதன் நிறங்கள் கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் அல்ல. கந்தகத்தின் ஒளி, ஹைட்ரஜனின் ஒளி, ஆக்ஸிஜனின் ஒளி ஆகியவற்றைத் தனித்தனி வடிகட்டிகள் வழியே பதிவு செய்து, முறையே சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் கொடுத்து ஒன்றாக இணைத்திருக்கிறார்கள். இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. எந்தத் தனிமம் எங்கே ஒளிர்கிறது என்பதைக் காட்டும் ஒரு வகை வரைபடம் அது. ஆனால் அதை யாராவது சொன்னால்தானே தெரியும்? திரையில் அந்தப் படம் வந்துபோவது சில நொடிகள். அதை விளக்க உங்களுக்கு ஒரு முழுக் கட்டுரை இருக்கிறது.

கேள்வி: இப்படி ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டினால், பார்ப்பவருக்கு நிகழ்ச்சியின் மீதே நம்பிக்கை போய்விடாதா?

பதில்: சொன்னதால் போகாது, மறைத்தது வெளியே வந்தால்தான் போகும். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2011-இல் வெளியான பிபிசியின் 'ஃப்ரோசன் பிளானட்' தொடரில், பனிக்கரடி தன் குகைக்குள் குட்டிகளோடு இருக்கும் காட்சி வந்தது. அது துருவப் பகுதியில் எடுக்கப்பட்டதல்ல, நெதர்லாந்தில் உள்ள விலங்குக்காட்சிச் சாலை ஒன்றில் எடுக்கப்பட்டது என்ற செய்தி அவ்வாண்டு டிசம்பரில் பத்திரிகைகளில் வெளியாகிப் பெரும் சர்ச்சையானது. காட்டுக் கரடியின் குகைக்குள் கேமராவைக் கொண்டுபோனால் தாய்க்கும் குட்டிகளுக்கும் ஆபத்து என்ற தயாரிப்பாளர்களின் விளக்கம் நியாயமானதே. காட்சி எடுக்கப்பட்ட விதத்தையும் அவர்கள் ஒளித்து வைக்கவில்லை. தொடருக்கான துணைத் தகவல்களில் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் சர்ச்சை எழுந்தது. காரணம், ஒளிபரப்பான வருணனையில் அதற்கான சிறு குறிப்புகூட இல்லை.

எனவே துணைக் கட்டுரையைப் பாவமன்னிப்புக் கூண்டாக ஆக்கிவிடாதீர்கள். பார்ப்பவரின் புரிதலையே மாற்றக்கூடிய செய்தி என்றால், அதற்குத் திரையிலேயே ஒரு வரி இடம் கேட்டு வாதாடுங்கள்; எப்படி, ஏன் என்ற விரிவைக் கட்டுரையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் இப்படி மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வெகுதூரத்திலிருந்து டெலிபோட்டோ லென்ஸால் எடுத்த விலங்கின் காலடி ஓசை பெரும்பாலும் ஸ்டூடியோவில் உருவாக்கப்படுவதுதான். பனியில் நடக்கும் ஓசைக்குச் சோள மாவு நிரப்பிய பையை அழுத்துவது ஒலிக்கலைஞர்கள் வெகுகாலமாகச் செய்துவரும் வேலை. இதைத் திரையில் அறிவிக்காவிட்டால் யாருடைய அறிவும் கெட்டுவிடாது. கட்டுரையில் எழுதினால் மகிழ்ச்சியாகப் படிப்பார்கள்.

கேள்வி: இதை ஒருவரே எழுதினால் நடை சீராக இருக்கும் என்கிறார் எங்களில் மூத்தவர். குழுவாக எழுதுவதில் என்ன நன்மை?

பதில்: நடை சீராக இருக்கும் என்பது உண்மை. ஒரே துறையைப் பற்றிய தொடராக இருந்தால் மூத்தவர் சொல்வதை நானும் ஏற்றுக்கொள்வேன். பிபிசியின் 'தி ஸ்கை அட் நைட்' என்ற மாதாந்திர வானியல் நிகழ்ச்சியை 1957 ஏப்ரலில் தொடங்கி 2012-இல் தாம் இறக்கும்வரை பேட்ரிக் மூர் நடத்தினார். நேயர் கடிதங்களுக்கும் தம் பழைய தட்டச்சுப் பொறியில் தாமே பதில் அடித்து அனுப்பினார். (அத்தனை ஆண்டுகளில் அவர் வராமல் போனது ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு, அதுவும் கெட்டுப்போன கூஸ் வாத்து முட்டையால்.) அவரால் முடிந்தது, வானியல் ஒன்றையே பற்றிக்கொண்டிருந்ததால். உங்கள் தொடரோ இந்த வாரம் கருந்துளை, அடுத்த வாரம் தடுப்பூசி, அதற்கடுத்த வாரம் நிலநடுக்கம் என்று போகப்போகிறது. மூன்றையும் ஒருவரே எழுதினால் இரண்டில் அவரும் வெளியாள்தான்.

குழு என்பதற்காக எல்லாரும் எல்லாவற்றையும் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். அப்படிச் செய்தால் அடுத்த பகுதி ஒளிபரப்பான பிறகும் முந்தைய வாரத்துக் கட்டுரை முடிந்திருக்காது. துறை அறிந்தவர் எழுதட்டும். துறைக்கு வெளியே உள்ள ஒருவர் படித்து, புரியாத இடங்களைக் குறிக்கட்டும். ஒருவர் பதிப்பாசிரியராக இருந்து இறுதி முடிவை எடுக்கட்டும். ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதியவர் பெயர் இருப்பது அவசியம். 'குழுவினர்' என்று போட்டால் கேள்வி வரும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது. கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டுமே உணரப்படும் 'இருண்ட பொருள்' போன்ற விவாதத்தில் உங்களுக்குள்ளேயே இருவர் மாறுபட்டால், இருவரையும் எழுதச் சொல்லுங்கள். ஒற்றைக் குரலில் ஓடும் தொடரால் தர முடியாத ஒன்று அது.

நடைமுறையில் ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன். இத்தகைய கூட்டு முயற்சிகளில் முதல் வாரம் எல்லாரும் எழுதுவார்கள். நான்காவது வாரத்தில் ஒருவர் தலையில் எல்லாம் வந்து விழும். தொடர் தொடங்குமுன்பே பாதிக் கட்டுரைகளாவது கையில் இருக்கட்டும். படப்பிடிப்பு முடிந்து ஒளிபரப்பு தொடங்குவதற்குள் கிடைக்கும் இடைவெளி அதற்குப் போதும்.

கேள்வி: ஒளிபரப்பான பிறகு புதிய கண்டுபிடிப்பு வந்து, சொன்னது பழசாகிவிட்டால்?

பதில்: கட்டாயம் பழசாகும். வானியலாளர் கார்ல் சேகன் வழங்கிய 'காஸ்மாஸ்' என்ற அறிவியல் தொடர் 13 பகுதிகளாக 1980 செப்டம்பரில் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பர் 12-ஆம் தேதி, தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, வாயேஜர் 1 விண்கலம் சனிக் கோளை நெருங்கிக் கடந்தது. ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்து மறு ஒளிபரப்பானபோது சில பகுதிகளின் இறுதியில் புதிய செய்திகளைச் சேகன் தாமே தோன்றிச் சொன்னார். அப்போதும் சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் என்று உறுதியாகச் சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. 51 பெகாசி விண்மீனின் கோள் 1995-இல்தான் அறிவிக்கப்பட்டது. படத்தைத் திரும்பத் தொகுப்பது செலவு பிடிக்கும் வேலை. கட்டுரையில் ஒரு பத்தியைச் சேர்ப்பதற்குச் செலவில்லை. ஆனால் பழைய வரியைச் சத்தமில்லாமல் அழித்துவிடாமல், தேதியிட்டு அதன் கீழே திருத்தத்தைப் போடுங்கள்.

கேள்வி: நேரம் இல்லாத வாரங்களில் நிகழ்ச்சியின் வருணனையையே கட்டுரையாக வெளியிடலாமா?

பதில்: வருணனை என்ற பெயரில் தாராளமாக வெளியிடுங்கள். செவித்திறன் குறைந்தவர்களுக்கும் வகுப்பில் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்களுக்கும் அது தேவைப்படும். கட்டுரைக்கு அது ஈடாகாது. படம் இல்லாமல் படித்தால் "இதோ, இங்கே பாருங்கள்" என்ற வரிகள் பொருளற்று நிற்கும். நேரமே இல்லாத வாரத்தில், அந்தப் பகுதியைப் பற்றி நேயர்களிடமிருந்து வந்த ஒரே ஒரு நல்ல கேள்விக்கு அரைப் பக்கத்தில் பதில் எழுதினாலே போதும்.