கைக்குழந்தை வரும் ஆண்டில் வீட்டுவழிக் கல்வி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகளுக்கு அடுத்த ஆண்டு ஏழு வயது, மகனுக்கு நான்கு. மார்ச்சில் மூன்றாவது குழந்தை பிறக்க இருக்கிறது. ஜனவரியிலிருந்து இருவருக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லித்தர எண்ணம். ஆண்டை எப்படித் திட்டமிடுவது?
– ஒரு தாய், செந்தூல்

பதில்: அட்டவணை போடும் முன் ஒரு காரியம் இருக்கிறது, சகோதரி. மலேசியாவில் 2003 முதல் ஆரம்பக்கல்வி கட்டாயம். ஜனவரி முதல் நாளில் ஆறு வயது நிறைந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. மகளுக்குக் கல்வி அமைச்சின் விலக்கு தேவை. இப்போதே கல்வி இலாகாவில் விசாரியுங்கள். அனுமதி கைக்கு வரும்வரை முதலாம் ஆண்டுப் பதிவை விட்டுவிடவே வேண்டாம்.

இனி ஆண்டுக்கு வருவோம். பள்ளியைப் போல 40 வாரத்துக்குத் திட்டம் போட்டால் ஏப்ரலிலேயே பின்தங்கிப் போவீர்கள். 30 வாரம் போதும். ஜனவரி, பிப்ரவரியில் 8 வாரம். மார்ச், ஏப்ரல் முழு விடுப்பு. பத்தியமும் தூக்கமின்மையும் உள்ள வீட்டில் பாடம் வேண்டாம். மே முதல் நவம்பர் வரை சுமார் 30 வாரம் வரும். அதில் 22 வாரத்துக்கு மட்டும் பாடம் எழுதுங்கள். மீதி 8 வாரம் காய்ச்சலுக்கும் தீபாவளிக்கும் உறவினர் வருகைக்கும். குழந்தைக்கு இரண்டாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை மாதந்தோறும் தடுப்பூசி இருக்கும். அந்த கிளினிக் நாள்களை இப்போதே நாள்காட்டியில் குறித்து, பாடமில்லா நாள்களாக விட்டுவிடுங்கள்.

மணிக்கணக்கு அட்டவணை உங்கள் வீட்டில் நிற்காது. பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒன்பது மணிப் பாடம் முதல் வாரத்திலேயே உடைந்துவிடும். ஆகவே நேரத்தை விட்டுவிட்டு வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் மகனுக்குப் பத்து நிமிடம். அவன் பங்கு கிடைத்துவிட்டால் அக்காவின் பாடத்தில் குறுக்கிடுவது குறையும். அடுத்து மகளுக்குத் தமிழ் 20 நிமிடம், கணிதம் 15, தேசிய மொழியான மலாய் 15. ஆங்கிலம் ஒருநாள் விட்டு ஒருநாள். கதை வாசிப்பைப் பாலூட்டும் நேரத்தோடு சேர்த்துவிடுங்கள்: புத்தகத்தை மகள் பிடித்துப் பக்கம் புரட்டட்டும். எது தடைபட்டாலும் தமிழ் வாசிப்பும் கணிதமும் நடந்துவிட்டால் அன்றைய நாள் முழு நாள்தான்.

முதலாம் ஆண்டுப் பாடநூல்களையே முதுகெலும்பாக வையுங்கள். பிறகு பள்ளியில் சேர நேர்ந்தால் மகள் தடுமாறமாட்டாள். பாடத்துக்கு மூன்று பயிற்சி நூல் வாங்கிக் குவிப்பதுதான் இவ்வழியில் அதிகம் நடக்கும் வீண்செலவு.

கணிதத்துக்குப் புளியங்கொட்டை நல்ல பொருள். ஆனால் செப்டம்பர் வாக்கில் குழந்தை கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைக்கும். டிஷ்யூ சுருளின் அட்டைக்குழாய்க்குள் நுழையும் எதுவும் மூச்சை அடைக்கக்கூடும், அதற்குள் அவற்றை எடுத்து வையுங்கள். பதிலுக்கு ஐஸ்கிரீம் குச்சிகளை மேசைமேல் மட்டும் பயன்படுத்தலாம். பத்துப் பத்தாகக் கட்டினால் பத்து, ஒன்று என்ற இடமதிப்பு கண்ணுக்குத் தெரியும்.

கணவருக்கு ஓய்வு நாளில் ஒரு வேலை: பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு செந்தூலிலிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் நிலையம் வந்து, நடந்து தேசிய அருங்காட்சியகம். நீங்கள் வீட்டில் தூங்குங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகன் ‘கெ’ எழுதச் சொன்னால் ‘க’வை முதலில் எழுதிக் கொம்பை வலப்பக்கம் போடுகிறான். கண்டிக்கலாமா?
– ஒரு தந்தை, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: வேண்டாம். காதில் மெய்யொலி முதலில் விழுகிறது, குறியோ இடப்பக்கம் நிற்கிறது. அவன் கேட்டபடியே எழுதுகிறான். துணைக்கால் (கா) முதலில், பிறகு கி, கீ, அதன்பின்தான் கெ, கே, கை என்று போங்கள். கொம்பைத் தனி அட்டையில் சிவப்பில் எழுதி, அதை வைத்த பிறகே எழுத்தட்டையை வைக்கச் சொல்லுங்கள். செடி, பெட்டி, வெயில் என ஒரு வாரம் அட்டை மட்டும். பென்சில் அடுத்த வாரம். ‘கொ’வுக்குத் தனிப்பாடம் தேவைப்படாது, கொம்பும் காலும் தெரிந்தவன் சேர்த்துவிடுவான். கு, கூ வரிசையைக் கடைசிக்கு வையுங்கள்: கு, சு, து, மு என எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் அதற்கு மட்டும் ஐந்தாறு வாரம் பிடிக்கும்.