3 மீட்டர் ஆழத்தில் இருப்பதை மெட்டல் டிடெக்டர் காட்டுமா?

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பில் அப்பா காலத்தில் பதித்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பும் இரண்டு கேட் வால்வுகளும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை. ஆன்லைனில் ஒரு மெட்டல் டிடெக்டருக்கு ‘3 மீட்டர் ஆழம் வரை’ என்று விளம்பரம் செய்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த 3 மீட்டரை நம்பி வாங்காதீர்கள். உங்களுக்கு அவ்வளவு ஆழம் தேவையும் இல்லை. தோட்டத்துப் பைப்பைப் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு அடிக்குள்தான் பதித்திருப்பார்கள்.

எந்தப் பொருள், எவ்வளவு பெரியது, எப்படிப்பட்ட மண் என்று சொல்லாமல் ஆழத்தை மட்டும் சொன்னால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. டிடெக்டரின் அடியில் இருக்கும் ‘காயில்’ என்ற கம்பிச் சுருள் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அது உலோகத்தில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டத்தால் எழும் புலத்தைக் காயில் உணர்ந்து சத்தம் கொடுக்கிறது. போகும்போதும் பலம் குறைகிறது, திரும்பும்போதும் குறைகிறது. சிறிய பொருள் என்றால், காயிலின் அகலத்தைத் தாண்டிய ஆழத்தில், தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் கிட்டத்தட்ட 64-ல் ஒரு பங்காகிவிடும். பேட்டரியைப் பெரிதாக்கி இதைச் சமாளிக்க முடியாது.

அதனால் ஒரு நாணயத்தை 8, 10 அங்குலத்தில் பிடித்தாலே அது நல்ல கருவி. குடம் அளவுப் பொருள் என்றால் மூன்றடி வாக்கில் கிடைக்கலாம். 3 மீட்டர் என்பதெல்லாம் மிகப் பெரிய இரும்பை, அகலமான சட்டத்தில் சுற்றிய காயிலை வைத்துத் தேடும்போது பேச வேண்டிய கணக்கு.

பைப் நீளமானது என்பதால் நாணயத்தைவிட நன்றாகவே சிக்னல் தரும். 11 அங்குலம் அல்லது அதற்கு மேல் அகலமான காயில் உள்ளதாகப் பாருங்கள். முக்கியமான ஒன்று: நாணயம் தேடுபவர்களுக்காகச் செய்த பல கருவிகள் ஆணி, தகரத்தை ஒதுக்குவதற்காக இரும்புச் சத்தத்தையே அடக்கிவிடும். நீங்கள் தேடுவதே இரும்பு. ‘ஆல் மெட்டல்’ என்ற அமைப்பில் வைக்காவிட்டால் பைப்புக்கு மேலேயே நடந்தாலும் சத்தம் வராது.

பைப் போயிருக்கலாம் என்று தோன்றும் திசைக்குக் குறுக்காக நடந்து, சத்தம் வரும் இடத்திலெல்லாம் முளை அடித்துக்கொண்டே போனால் பாதை தெரிந்துவிடும். நடுவில் யாராவது பிவிசி போட்டிருந்தால் அந்தத் துண்டு மட்டும் அகப்படாது. இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணில் மண்ணே சத்தம் எழுப்பும். மண்ணின் சத்தத்தை ஒதுக்கும் ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ வசதி இல்லாத மலிவுக் கருவி அங்கே சரிப்படாது. மோட்டார் ஓடும்போதும் தேடாதீர்கள்.

கடைக்காரர் கருவியைக் காற்றில் ஆட்டிக் காட்டுவதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வாங்கியதும் ஒரு பைப் துண்டை உங்கள் மண்ணிலேயே ஒன்றரை அடியில் புதைத்துப் பாருங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள். விளம்பரத்தில் சொன்னது பொய் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். இந்த ஒரு வேலைக்கு மட்டும்தான் என்றால், பைப் லொக்கேட்டர் வைத்திருப்பவரை வரவழைக்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். வெளியே தெரியும் பைப் முனையில் சிக்னல் கொடுத்துத் தேடுவதால் அது இன்னும் துல்லியமானது.

கேள்வி: கையில் பிடிக்கும் ஆன்டெனா கருவி 10 மீட்டர் ஆழத்துத் தங்கத்தையும் தூரத்திலிருந்தே காட்டும் என்று ஒருவர் விலை பேசுகிறார். பழைய வீட்டு மனையில் தேட வாங்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். நம் கை லேசாகச் சாய்வதால்தான் அந்த ஆன்டெனா திரும்புகிறது. இதே வகையில் ‘ஏடிஇ 651’ என்ற கருவியை, வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லி ஈராக்குக்குப் பெரும் விலைக்கு விற்றார்கள். அதை நம்பிச் சோதனைச் சாவடிகளில் நின்றவர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. கோல்ஃப் பந்து தேடித் தரும் என்று விற்ற ஒரு விளையாட்டுச் சாமானை ஒட்டிச் செய்ததுதான் அது. விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் பிரிட்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது.

அப்புறம், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும், மனை உங்களுடையதாகவே இருந்தாலும்.