மகளின் கல்லூரிப் பணத்தில் சுவிட்சர்லாந்து போகலாமா?

கேள்வி: ஈரோட்டில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்துக் கைக்கு மாதம் 1.25 லட்சம் வருகிறது. வீட்டுக்கடன் தவணை 28,000, குடும்பச் செலவு 55,000, மகளின் கல்லூரிக்காக எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது) 12,000. அவளுக்கு 2025 ஜூலையில் 14 முடிந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மகனுக்கு 9 வயது. 2026 மே மாதம் சுவிட்சர்லாந்து போய்வர ஆசை. ஏஜென்ட் 7 நாள் பேக்கேஜுக்கு நான்கு பேருக்கும் சேர்த்து 9.6 லட்சம் கேட்கிறார். கார் மாற்ற வைத்திருந்த எஃப்டி 2 லட்சம் இருக்கிறது. வங்கி 8 லட்சம் பர்சனல் லோன் தரத் தயார். 13% வட்டி, 5 வருடம். எஸ்ஐபியில் 6.5 லட்சம் சேர்ந்திருக்கிறது. அவசரத்துக்கு என்று தனியாக 4 லட்சம் உண்டு. லோன் எடுக்கவா, எஸ்ஐபியை எடுக்கவா, நகையை வைக்கவா? 2022 ஜூனில் சிங்கப்பூர் போக நால்வருக்கும் பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் மகளை அசைக்க முடியாது என்கிறார் மனைவி.

பதில்: மூன்றும் வேண்டாம். ஆனால் சுவிட்சர்லாந்து வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு வருடம் தள்ளி, 2027 மே மாதம் போங்கள்.

உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. பத்தாம் வகுப்பு நடக்கும்போது போக முடியாது. ஆனால் பரீட்சை முடிந்து பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் முன் ஒரு மே மாதம் வருகிறதே, அதைவிட நல்ல இடைவெளி அந்தப் பெண்ணுக்கு வராது.

லோன் கணக்கைப் பார்ப்போம். 8 லட்சத்துக்கு 13% வட்டியில் மாதத் தவணை சுமார் 18,200. ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 2.9 லட்சம் கட்டுவீர்கள். எனக்கு அதைவிட உறுத்துவது தேதி. 2026 மே மாதம் எடுக்கிற லோன் 2031 மே வரை ஓடும். மகள் 2029இல் கல்லூரிக்குப் போகிறாள். முதல் இரண்டு வருடக் கல்லூரிக் கட்டணத்தோடு சேர்ந்து சுவிஸ் தவணையும் கட்ட வேண்டியிருக்கும். எஸ்ஐபியை இப்போது எடுத்தாலும் அதே பள்ளம்தான். நகைக்கடன் வட்டி குறைவு என்பீர்கள். திருப்ப வேண்டியது அதே சம்பளத்திலிருந்துதானே!

இன்னொன்று, லோன் பணம் கணக்கில் திடீரென்று வந்து விழுந்தால் விசாவுக்கும் உறுத்தல். கடைசி மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். செலவுக்குக் கையில் இருக்க வேண்டும் என்று சுவிஸ் தரப்பு எதிர்பார்ப்பது ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 பிராங்க் (சுவிஸ் நாணயம்). மாதாமாதம் சேர்ந்து வந்த பணம்தான் அங்கே பேசும்.

இனி அந்த 9.6 லட்சம். ஏஜென்ட் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை; அலைச்சல் இல்லாமல் கூட்டிப் போவதற்கு அது விலை. ஆனால் சுவிட்சர்லாந்து போல நாமே திட்டமிட்டுப் போக வசதியான நாடு ஐரோப்பாவில் குறைவு. ரயில், பஸ், ஏரிப் படகு மூன்றும் ஒரே கால அட்டவணையில் கோத்த மாதிரி ஓடும். சுவிஸ் டிராவல் பாஸ் ஒன்று வாங்கினால் மூன்றிலும் ஏறலாம். 6 நாள் பாஸ் பெரியவருக்கு 2025இல் 380 பிராங்கை ஒட்டி இருந்தது. பெற்றோர் பாஸ் வைத்திருந்தால் ஃபேமிலி கார்டு இலவசம். அது இருந்தால், கூடவே வரும் 16 வயது முடியாத பிள்ளைகளுக்கு டிக்கெட்டே வேண்டாம். உங்கள் மகளுக்கு 16 முடிவது 2027 ஜூலையில். மே மாதம் போனால் ஓசிப் பயணம். 2028க்குத் தள்ளினால் அவளுக்கும் பாஸ் வாங்க வேண்டும்.

ஒரு பிராங்க் 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பாஸ் 760 பிராங்க். சமையலறையோடு கூடிய வீடு ஓர் இரவுக்கு 180 வீதம் ஆறு இரவுக்கு 1,080. சுற்றுலா ஊரான இன்டர்லேக்கன் நடுவில் தேடாமல் பக்கத்து ஊர்களான வில்டர்ஸ்வில், ஷ்பீட்ஸ் பக்கம் தேடுங்கள். சாப்பாடு நாளுக்கு 80 வீதம் 560. மலை ஏற 400. ஆக 2,800 பிராங்க், சுமார் 3.1 லட்சம் ரூபாய். விமான டிக்கெட் ஆளுக்கு 60,000 என்றால் 2.4 லட்சம். ஷெங்கன் விசா (சுவிட்சர்லாந்தும் சேர்ந்த ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45. 12 தாண்டிய மகளுக்கு முழுக்கட்டணம். கட்டாய மருத்துவக் காப்பீடு, சேவைக் கட்டணம் சேர்த்து 50,000 ஒதுக்குங்கள். மொத்தம் 6 லட்சம்.

மலை விஷயத்தில் மட்டும் ஆசையை அடக்குங்கள். யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர் உயரம், 1912இல் போட்ட ரயில், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பாஸ் இருந்தாலும் மேல் பகுதிக்கு 25% தள்ளுபடிதான். டிட்லிஸ் மலைக்குப் பாதி விலை. ரிகி மலையோ பாஸிலேயே அடக்கம். ஒரு பெரிய மலை, ஒரு ரிகி, போதும்.

பிராங்கின் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 தொடக்கத்தில் சுமார் 73 ரூபாயாக இருந்தது 2025 கடைசியில் 110ஐ ஒட்டி வந்துவிட்டது. உலகம் எங்கே ஆட்டம் கண்டாலும் பணக்காரர்கள் ஓடி ஒளிவது பிராங்கில்தான். அதனால் பிராங்க் செலவுக்கு மட்டும் 10% கூட்டி 31,000, கைச்செலவுக்கு 30,000. இலக்கு 6.6 லட்சம்.

மாதம் உங்களிடம் 30,000 மிஞ்சுகிறது. 2025 டிசம்பரிலிருந்து 2027 ஏப்ரல் வரை 17 மாதம், மாதம் 25,000 வங்கியில் ஆர்டி (தொடர் வைப்பு) போடுங்கள், 6.5% வட்டியில் 4.45 லட்சம் வரும். எஃப்டி வட்டியோடு 2.15 லட்சம். கணக்கு முடிந்தது. கார் இன்னும் இரண்டு வருடம் ஓடட்டும். இந்தப் பணத்தைப் பங்குச்சந்தை ஃபண்டில் போட்டுவிடாதீர்கள். 17 மாதம் அதற்குக் குறுகிய காலம்.

பேக்கேஜ்தான் என்று முடிவெடுத்தால், டிசிஎஸ், அதாவது ஏஜென்ட் முன்கூட்டியே வசூலிக்கும் வரி, உண்டு. 2025-26 நிதியாண்டில் வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு அது 10 லட்சம் வரை 5% இருந்தது. 9.6 லட்சத்துக்கு 48,000. ஏஜென்ட் சொன்ன தொகையில் அது அடக்கமா என்று கேளுங்கள். வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும். அதற்கான படிவத்தை அலுவலகத்தில் கொடுத்தால் சம்பளத்தில் பிடிக்கும் வரியிலேயே கழித்துக்கொள்வார்கள். நீங்களே தனித்தனியாக டிக்கெட்டும் அறையும் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டில் பிராங்காகவே ஏற்றுங்கள், மூன்று நான்கு தவணையில். நான் லூசர்னில் ஒரு கடையில் சாக்லேட் வாங்கியபோது கார்டு மெஷின் ரூபாயா பிராங்கா என்று கேட்டது. நம் ஊர்ப் பணத்தைப் பார்த்த சந்தோஷத்தில் ரூபாயை அழுத்திவிட்டேன். ரசீதைப் பிறகு பார்த்தால் மாற்று விகிதத்தில் நன்றாகத் தீட்டியிருந்தார்கள். எப்போதும் பிராங்க்.

தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். சூரிச்சில் மட்டும் 1,200க்கும் மேற்பட்ட நீரூற்றுகள், பெரும்பாலும் குடிநீர்தான். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பாட்டில் கொடுங்கள். ஞாயிறு கடை அடைப்பு; சனிக்கிழமையே மிக்ரோஸ், கூப் என்ற சூப்பர் மார்க்கெட்டுகளில் அரிசி, தயிர் வாங்கிவிடுங்கள். நாக்கு செத்துப்போனால் சூரிச்சிலும் பெர்னிலும் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன, கொத்து ரொட்டி கிடைக்கும்.

கடைசியாக, பீரோவைத் திறந்து பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சிறுவர் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் 5 வருடம். உங்கள் பிள்ளைகளுடையது 2027 ஜூனோடு முடியும். ஷெங்கனிலிருந்து கிளம்பிய பிறகும் 3 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். 2026 கடைசிக்குள் இரண்டையும் புதுப்பித்துவிட்டு, விசாவுக்கு அதன் பிறகு விண்ணப்பியுங்கள்.