இருபதுகளில் கால் பெருவிரல் வீங்கினால்: கேள்வி பதில்

கடலூரில் பல வருடமாக மூட்டு நோயாளிகளைப் பார்த்துவரும் பொது மருத்துவர் நான். கவுட் (யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து திடீரென வீங்கி வலிக்கும் நோய்), யூரிக் ஆசிட் (உடம்பில் உண்டாகி ரத்தத்தில் சேரும் ஒரு கழிவு) பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தேவனாம்பட்டினம், வயது 24: டாக்டர், ராத்திரி ரெண்டு மணிக்கு வலது கால் பெருவிரல் வலியில் எழுந்தேன். சிவந்து, வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகுது. மறுநாள் ரத்தம் கொடுத்தேன், யூரிக் ஆசிட் 6.4. நார்மல்னு சொல்லிட்டாங்க. அப்போ கவுட் இல்லையா?

தம்பி, நீங்கள் சொன்ன விதம் கவுட்டுக்கே உரியது: நள்ளிரவில் தொடங்குவது, பெருவிரலின் அடி மூட்டு, ஒரே நாளில் உச்சத்துக்குப் போகும் வலி. அந்த 6.4-ஐ (100 மில்லி ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு) நம்பி விட்டுவிடாதீர்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் குறைந்து, சாதாரண அளவாகக் காட்டுவது உண்டு. வலி அடங்கி 2 முதல் 4 வாரம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறக்குறைய 6.8-ஐத் தாண்டினால்தான் யூரேட் (யூரிக் ஆசிட்டின் உப்பு) ரத்தத்தில் கரைந்து நிற்க முடியாமல் மூட்டில் ஊசி ஊசியாகப் படியத் தொடங்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் மூட்டு நீரை ஊசியில் எடுத்து, அந்தப் படிகத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

எனக்கு உங்கள் விரலைவிட உங்கள் வயதுதான் கவலை. 24-ல் கவுட் வருவது அபூர்வம். வந்தால் ஏன் வந்தது என்று தேடியே ஆக வேண்டும். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீர்ப் பரிசோதனை, ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். அப்பா, சித்தப்பா யாருக்காவது சின்ன வயதிலேயே கவுட்டோ சிறுநீரகக் கோளாறோ இருந்ததா என்று வீட்டில் கேளுங்கள். இப்போதைக்குக் காலை உயர்த்தி வைத்து, துணி சுற்றிய ஐஸ் வையுங்கள். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். ஆஸ்பிரின் வேண்டாம். கடையில் "வலிக்கு ஒரு செட்" என்று பொட்டலத்தில் தரும் பெயரில்லாத மாத்திரை வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

லாஸ்பேட்டை, பெண், 27: முழு உடல் பரிசோதனையில் 7.3. வலி எதுவும் இல்லை. மாத்திரை போடணுமா?

வேண்டாம் அம்மா. வலி இல்லாத வெறும் எண்ணுக்குப் பொதுவாக மாத்திரை இல்லை. ஆனால் மாதவிடாய் நிற்காத வயதில் பெண்களுக்கு இந்த அளவு கொஞ்சம் அதிகம். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

நெய்வேலி, 29: 7.1. வலி இல்லை. கவுட்டா?

மேலே லாஸ்பேட்டைக்குச் சொன்னதேதான்.

பண்ருட்டி, 22: தக்காளி, கீரை, பருப்பு எல்லாம் நிறுத்தச் சொல்லிட்டாங்க.

தொடர்ந்து சாப்பிடுங்கள். கீரையிலும் பருப்பிலும் பியூரின் (உடம்பில் யூரிக் ஆசிட்டாக மாறும் பொருள்) உண்டு, ஆனால் அவற்றால் கவுட் கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, பீர், இனிப்பு கலந்த பாட்டில் பானம் இவற்றைத்தான் குறைக்க வேண்டும்.

கடலூர் முதுநகர், 31: மீனை விட்டுட்டீங்களே டாக்டர்? துறைமுகத்துப் பக்கம் பொறந்தவன் நான். மத்தியும் நெத்திலியும் இல்லாம சோறு இறங்காது. எங்க தெருவுல அதைத் தின்னு கவுட் வந்தவங்க யாருமில்ல.

விருத்தாசலம், 35: மன்னிக்கணும், மீன்தான் காரணம். ரத்தத்தில் சேர்வதெல்லாம் அதுதான்.

கடலூர் முதுநகர்: அப்போ சைவக்காரங்களுக்கு ஏன் வருது? என் கூட வேலை செய்யறவன் முட்டைகூடத் தொடமாட்டான், 26 வயசுல அவனுக்கு வந்திருக்கு.

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. நம் உடம்பில் உள்ள யூரிக் ஆசிட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உடம்பே உண்டாக்குகிறது. சாப்பாட்டிலிருந்து வருவது மிச்சம்தான். பெரும்பாலோருக்குக் குறை, சிறுநீரகம் அதை வெளியேற்றும் வேகத்தில். அதில் பிறவிக் கூறு பெரிய பங்கு. அதனால்தான் அந்தச் சைவ நண்பருக்கு வந்தது, உங்கள் தெருவில் வராமல் போனது. விருத்தாசலத்துக்காரரே, மத்தியிலும் நெத்திலியிலும் பியூரின் அதிகம் என்பது சரி. ஏற்கெனவே கவுட் வந்தவர் அவற்றைக் குறைப்பது நல்லது, வராதவருக்கு அது தேவையில்லை. முதுநகர் தம்பி, எல்லை தாண்டிப் புதுச்சேரி போய் வாரக்கடைசியில் குடிக்கும் பீரைப் பற்றி நீங்கள் யாருமே பேசவில்லை. என்னிடம் வரும் இளைஞர்களில் மீனை முழுக்க விட்டுவிட்டு பீரை விடாதவர்களைப் பார்த்து மனசு நொந்திருக்கிறேன். வெயிலில் நாளெல்லாம் வேலை, தண்ணீர் குறைவு, ராத்திரி பீர். விடியற்காலையில் விரல் வீங்குகிறது.

விழுப்புரம், 28: கவுட் மருந்து செங்காந்தளிலிருந்து எடுப்பதாமே? எங்க வயல் வேலியில் நிறைய இருக்கு. கிழங்கை அரைச்சு...

நிறுத்துங்கள், உள்ளே கொடுத்துவிடாதீர்கள். கோல்சிசின் என்ற மருந்து அந்தச் செடியில் இருப்பது உண்மை. நம் மாநில மலரான அதை விதைக்காகவே தமிழ்நாட்டில் பயிர் செய்கிறார்கள். ஆனால் மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை அரைப்பவரால் அளக்க முடியாது. முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு, பிறகு ஒவ்வொரு உறுப்பாகச் செயலிழக்கும். இதற்கு எளிதில் கிடைக்கும் முறிமருந்தும் கிடையாது. யாராவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

சிதம்பரம், 23: முட்டி வீங்கி நடக்க முடியல, காய்ச்சல் 102. இதுவும் கவுட்டா?

படித்தவுடன் கிளம்புங்கள். மூட்டில் சீழ் பிடித்திருந்தால் சில நாளிலேயே குருத்தெலும்பு அழிந்துவிடும். இன்றே மூட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அரியாங்குப்பம், 33: அலோப்யூரினால் ஆரம்பிச்ச பத்தாவது நாள் மறுபடி வீங்கிடுச்சு. நிறுத்திட்டேன்.

அலோப்யூரினால் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரை. ஆரம்ப மாதங்களில் பழைய படிகம் கரையும்போது இப்படி வருவது வழக்கம்தான். அதற்காக நிறுத்தத் தேவையில்லை. எழுதித்தந்த மருத்துவரிடமே போய், குறைந்த அளவில் மீண்டும் தொடங்குவதைப் பற்றியும், கூடவே சில மாதம் கோல்சிசின் வேண்டுமா என்றும் கேளுங்கள். யூரிக் ஆசிட் 6-க்குக் கீழே நிற்பதுதான் இலக்கு. தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மட்டும் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

குறிஞ்சிப்பாடி, 25: 7.4, வலி இல்லை...

லாஸ்பேட்டை பதிலைப் படியுங்கள். செட் மாத்திரை வாங்காதீர்கள்.

தேவனாம்பட்டினம், 24: டாக்டர், அஞ்சு நாள்ல வலி தானா போயிடுச்சு. இன்னும் டெஸ்ட் எடுக்கணுமா?

எடுக்கணும் தம்பி. கவுட் தானாக அடங்கும், உள்ளே படிந்தது அப்படியே இருக்கும். அடுத்த மாதத் தொடக்கத்தில் யூரிக் ஆசிட், கிரியாட்டினின், சிறுநீர் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். அப்பாவிடம் கேட்டீர்களா என்பதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.