பழைய பலகை, பழைய உத்தரவு: குடியிருப்புச் சாலையில் ஓடும் லாரிகளைச் சட்டப்படி நிறுத்த முடியுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் குடியிருக்கும் சாலை எங்கள் நகரின் பழைய லாரிப் பாதை. புறவழிச்சாலை திறந்து சில வருடங்கள் ஆகியும் டிப்பர்களும் பன்னிரண்டு சக்கர லாரிகளும் இரவு பகலாக இந்த வழியாகத்தான் போகின்றன. தெரு முனையில் ‘கனரக வாகனங்கள் செல்லத் தடை’ என்று ஒரு பலகை நிற்கிறது. வாய்க்கால் பாலத்தில் ‘10 டன்’ என்று எழுத்து மங்கிப்போன இன்னொரு பலகை. போக்குவரத்துக் காவலரிடம் சொன்னால், “அது பழைய உத்தரவும்மா, அதை வச்சு கேஸ் போட முடியாது” என்கிறார். கவுன்சிலரோ, மன்றத்தில் தீர்மானம் போட்டாகிவிட்டது என்கிறார். லாரி வராவிட்டால் சரக்கு எப்படி வரும் என்று கடைக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். பாலத்தருகே கல்லைப் போட்டு மறிக்கலாம் என்பது தெரு இளைஞர்களின் யோசனை. எங்கள் வீட்டுச் சுவரில் விரிசலும் விழுந்திருக்கிறது. சட்டப்படி என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி

பதில்: அந்தக் கல் யோசனையை இன்றே கைவிடச் சொல்லுங்கள், அம்மா. பொதுச் சாலையில் ஒருவரைப் போகவிடாமல் மறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 126ஆம் பிரிவின்படி குற்றம். அதைவிட, இருட்டில் அந்தக் கல்லில் மோதப்போவது லாரி இல்லை, வேலை முடிந்து இரு சக்கர வண்டியில் திரும்பும் ஒருவர். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது வழக்கை உங்கள் மேலேயே இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டாம்.

ஒரு சாலையில் லாரி போகக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 115ஆம் பிரிவில் இருக்கிறது. பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ, அல்லது சாலையும் பாலமும் இருக்கிற நிலையைக் கருதியோ, குறிப்பிட்ட வகை வாகனங்களைத் தடுக்கலாம், கட்டுப்படுத்தலாம். மாநில அரசோ அரசு அதிகாரம் அளித்தவரோ இதைச் செய்ய வேண்டும். நடைமுறையில் மாவட்ட ஆட்சியர், பெருநகரங்களில் காவல் ஆணையர். தடையை அரசிதழில் அறிவிக்கையாக வெளியிட்டு, சாலையில் உரிய பலகையும் வைத்தாக வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகத் தடைக்கு மட்டும் அரசிதழ் தேவையில்லை, உள்ளூரில் விளம்பரப்படுத்தினால் போதும்.

இப்போது காவலர் சொன்னதையும் கவுன்சிலர் சொன்னதையும் பாருங்கள். அறிவிக்கை பழசாகிவிட்டது என்பதாலேயே செத்துவிடாது. ரத்து செய்யும் வரை, அல்லது அதிலேயே சொன்ன காலம் முடியும் வரை, அது உயிரோடுதான் இருக்கும். ஆனால் அந்தப் பலகைக்குப் பின்னால் அறிவிக்கையே இல்லாமல் இருந்தால்? ஏதோ ஒரு திருவிழாவுக்கோ குழாய் பதிக்கும் வேலைக்கோ சில வாரங்களுக்கு வைத்த பலகையை எடுக்காமல் விட்டிருந்தால்? அப்போது காவலர் சொல்வது சரி. மன்றத் தீர்மானமும் 115ஆம் பிரிவின்படியான தடை ஆகாது. அது அதிகாரம் உள்ளவரிடம் வைக்கும் கோரிக்கை, நல்ல ஆதாரம், அவ்வளவுதான். அதன் நகலை வாங்கி வையுங்கள்.

ஆகவே முதல் வேலை, அந்தக் காகிதத்தைத் தேடுவது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.) 2005இன்படி, 10 ரூபாய் கட்டணத்தோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு (உங்கள் நகரில் காவல் ஆணையரகம் இருந்தால் அங்கேயும்) மனுப் போடுங்கள். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் மழுப்பலான பதில்தான் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தச் சாலைக்கு 115ஆம் பிரிவில் பிறப்பித்த அறிவிக்கையின் நகல், பாலத்தின் எடை வரம்பை நிர்ணயித்த பொறியாளர் அறிக்கையின் நகல், பாலத்தைக் கடைசியாக ஆய்வு செய்த தேதி. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

அடுத்தது எடை. பழைய உத்தரவுகள் ஓட்டையாவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ‘கனரக சரக்கு வாகனம்’ என்றால் சட்டத்தில் மொத்த வாகன எடை 12,000 கிலோவுக்கு மேற்பட்டது. மொத்த வாகன எடை என்பது வண்டியும் சுமையும் சேர்த்து ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) அனுமதித்திருக்கும் அளவு. அன்றைக்கு வண்டியில் என்ன இருக்கிறது என்பது வேறு கணக்கு. “காலி வண்டிதானே சார்” என்று ஓட்டுநர் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அறிவிக்கை ‘கனரக சரக்கு வாகனங்களுக்குத் தடை’ என்று இருந்தால், காலி லாரியும் அந்த வழியே போகக் கூடாது. பாலத்தில் எழுதியிருக்கும் 10 டன் அப்படிப்பட்டது அல்ல. அந்த நேரத்தில் பாலத்தின் மேல் ஏறும் உண்மையான எடைக்கு அது வரம்பு. பத்துச் சக்கர டிப்பருக்கு வெற்று எடையே 10 டன்னைத் தொட்டுவிடும். வெற்று எடையும் ஆர்.சி.யிலேயே இருக்கிறது.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை (ஒரு சக்கர அச்சின் மேல் விழும் சுமை) வரம்பைக் கூட்டியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2இலிருந்து 18.5 டன்னுக்குப் போனது. சாலைத் தேய்மானம் அச்சு எடையின் நான்காம் அடுக்கை ஒட்டி ஏறும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்கு. அதன்படி 10.2 டன் 11.5 டன் ஆனால், எடை 13 சதவீதம் கூட, சேதம் ஏறக்குறைய 60 சதவீதம் கூடும். இத்தனைக்கும் இது சட்டம் அனுமதிக்கும் சுமை. பாலத்தின் தாங்குதிறன் மத்திய அரசின் அந்த அறிவிக்கையால் கூடிவிடவில்லை. 2018க்கு முந்தைய எடைகளை வைத்துப் போட்ட உள்ளூர் உத்தரவு எதுவானாலும் திருத்தி எழுத வேண்டியது என்று நான் உறுதியாகச் சொல்வேன். உங்கள் மனுவின் மையமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மனுவில் ‘லாரிகளைத் தடை செய்க’ என்று மட்டும் எழுதினால் கோப்பு நகராது. இப்படிக் கேளுங்கள்: ‘மொத்த வாகன எடை 12,000 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்கள் இந்தச் சந்திப்பு முதல் இந்தச் சந்திப்பு வரை எந்நேரமும் செல்லத் தடை, அவை புறவழிச்சாலையைப் பயன்படுத்த வேண்டும், பாலத்தின் மேல் பொறியாளர் நிர்ணயிக்கும் எடைக்கு மேற்பட்ட எந்த வாகனமும் செல்லத் தடை.’ எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, மாற்றுப் பாதை எது என்று இல்லாத உத்தரவை லாரி உரிமையாளர்கள் நீதிமன்றத்தில் எளிதாக அடித்துவிடுவார்கள். பலகையைப் பாதை பிரியும் இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். தெருவுக்குள் நுழைந்த பிறகு அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுநர் எங்கே திருப்புவார்? அவரும் பிழைப்புக்காக ஓட்டுகிறவர்தான்.

கடைக்காரர்களோடு சண்டை வேண்டாம். 115ஆம் பிரிவே விதிவிலக்குகளுக்கு இடம் கொடுக்கிறது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட இலகு ரக வண்டிகளுக்கு மேலே சொன்ன தடை பொருந்தவே பொருந்தாது. அந்தச் சாலையிலேயே சரக்கு இறக்கும் பெரிய வண்டிகளுக்கு, பாலத்தின் மேல் ஏறாமல் வந்து திரும்பும்படி, குறிப்பிட்ட நேரத்தை ஒதுக்கச் சொல்லி நீங்களே மனுவில் சேர்த்துவிடுங்கள். கடைக்காரர்களின் கையெழுத்தும் சேர்ந்தால் அந்த மனுவுக்கு வரும் கனமே வேறு.

உத்தரவு திருத்தப்படும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஓவர்லோடுக்கு எந்தத் தெருப் பலகையும் தேவையில்லை. ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆம் பிரிவை மீறியதாகும். 194ஆம் பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஐந்து டன் அதிகம் ஏற்றினால் 30,000. 115இன் தடையை மீறினாலும் இதே பிரிவுதான். எடை போட மறுத்து வண்டியை ஓட்டிப் போனால் 40,000. சந்தேகம் வந்தால், போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் எடை மேடைக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொல்ல அதிகாரம் பெற்ற அலுவலருக்கு 114ஆம் பிரிவு உரிமை தருகிறது. அபராதத்தைக் கட்டிவிட்டு அதே சுமையோடு கிளம்ப முடியாது; அதிகச் சுமையை இறக்கிய பிறகே வண்டி நகரலாம். உச்ச நீதிமன்றமும் 2005இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஓட்டுநர் வேறு, உரிமையாளர் வேறு என்றால், உரிமையாளருக்குத் தெரிந்தே நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம். எனவே வண்டி எண், தேதி, நேரம் தெரியும் படங்களோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். குவாரி வண்டிகள் என்றால் கனிமவளத் துறைக்கும் ஒரு நகல். நடைச்சீட்டில் (கனிமம் ஏற்றிச் செல்லத் தரும் அனுமதிச் சீட்டு) எழுதிய அளவும் வண்டியில் இருக்கும் அளவும் பொருந்துகிறதா என்று அவர்கள் பார்த்தாக வேண்டும்.

பாலம் இன்றோ நாளையோ என்ற நிலையில் இருந்தால் காத்திருக்க வேண்டாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 152ஆம் பிரிவின்படி பொதுத் தொல்லையை அகற்றக் கோரி கோட்டாட்சியரிடம் உடனே மனுக் கொடுக்கலாம். இரவு ஹாரன் தொல்லைக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை, பொது அவசர நிலை தவிர, ஹாரன் அடிக்கக் கூடாது.

எதற்கும் அசையாவிட்டால், அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. பாதையை வரைந்து கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை. மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்று அதிகாரிக்கு உத்தரவிடும். அதற்கு முன்பே மனுக் கொடுத்த ரசீதும், ஆர்.டி.ஐ. பதிலும், படங்களும் கையில் இருந்தால்தான் வழக்கு நிற்கும். ‘மக்கள் அவதிப்படுகிறார்கள்’ என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் ஒன்றும் நடக்காது.

சுவர் விரிசலை இதோடு கலக்காதீர்கள். நஷ்டஈடு கேட்பது உரிமையியல் வழக்கு. விரிசல் லாரி அதிர்வால்தான் வந்தது, அஸ்திவாரக் குறையால் இல்லை என்று நிரூபிப்பது கடினம், செலவும் பிடிக்கும். இப்போதைக்கு விரிசலின் இரு முனைகளிலும் கோடு போட்டுத் தேதி எழுதி, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து மாதம் ஒரு படம் எடுத்துவாருங்கள். ஒரு கட்டடப் பொறியாளரின் எழுத்து மூலமான கருத்தும் கிடைத்த பிறகு, வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யலாம்.