தேவகோட்டையில் லத்தீன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெங்களூரை விட்டுத் தேவகோட்டைக்கு வந்துவிட்டோம். மாமனாரின் வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது என்பது ஒரு காரணம். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்க வேண்டும் என்பது இன்னொன்று. அவளுக்கு ஏழு வயது. ஆங்கிலம் சரளமாக வாசிப்பாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் வாசிக்கும்போது எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள்.

தன் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் தோழி ஒருத்தி, மூன்றாம் வகுப்பு வயதுக்குள் லத்தீன் தொடங்கிவிட்டால் ஆங்கிலச் சொல்வளமும் இலக்கணமும் தானாக வந்துவிடும் என்கிறாள். 'பிரைமா லத்தீனா', 'சாங் ஸ்கூல் லத்தீன்', 'மினிமஸ்' என்று மூன்று பாடத்திட்டங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். எனக்கு லத்தீனில் ஒரு சொல்கூடத் தெரியாது. நானே சொல்லிக்கொடுக்க முடியுமா? எந்த உச்சரிப்பைப் பழக்குவது? பின்னால் பரீட்சைக்கு உதவுமா? மாமனாரோ, "ஆத்திசூடியே இன்னும் முழுசா வரலை, அதுக்குள்ள ரோமாபுரிக்குப் போகணுமாத்தா?" என்கிறார். என்ன செய்யலாம்?

வ., தேவகோட்டை

அன்புள்ள வ.,

உங்கள் மாமனார் சொல்வது பாதி சரி. ரோமாபுரிக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் ஆத்திசூடி வழியாகப் போவதுதான் குறுக்குவழி.

நீங்கள் சொல்லும் மூன்றில் இரண்டு அமெரிக்காவில் வந்தவை, ஒன்று இங்கிலாந்தில். மூன்றுமே ஆங்கிலம் பேசும் குழந்தையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பெயர்ச்சொல்லின் கடைசிப் பகுதி மாறினால் வாக்கியத்தில் அதன் வேலையும் மாறும் என்பதை அந்தக் குழந்தைக்குப் புரியவைப்பதற்குள் எழுதியவர்களுக்கே மூச்சு வாங்கிவிடும். ஆங்கிலத்தில் அந்த ஏற்பாடு பெரும்பாலும் தேய்ந்துபோய்விட்டது. உங்கள் மகளோ "ஆயாவைக் கூப்பிடு, ஆயாவுக்குக் கொடு, ஆயாவோட போறேன்" என்று காலையிலிருந்து ராத்திரி வரை வேற்றுமை உருபுகளில்தான் வாழ்கிறாள்.

'புவெல்ல அக்வம் போர்ட்டத்' என்று ஒரு வாக்கியம். 'சிறுமி தண்ணீரைச் சுமக்கிறாள்' என்று பொருள். சொல்லுக்குச் சொல் அதே வரிசை, வினை கடைசியில். அக்வ என்பது தண்ணீர், அக்வம் என்பது தண்ணீரை. போர்ட்டோ என்றால் சுமக்கிறேன், போர்ட்டாஸ் என்றால் சுமக்கிறாய். நான், நீ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, விகுதியே சொல்லிவிடும். ஆங்கிலப் பிள்ளைகளுக்குப் பல பாடங்களாக நீளும் இந்த விஷயத்தைத் தமிழில் யோசிக்கும் பிள்ளைக்கு ஒரு மத்தியானத்தில் காட்டிவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. நாம் பேசும்போது "தண்ணி தூக்கிட்டுப் போறா" என்று 'ஐ'யை விழுங்கிவிடுவோம். லத்தீன் விழுங்காது.

குறில் நெடிலும் அப்படித்தான். 'புவெல்ல' என்று குறிலில் முடிந்தால் சிறுமி எழுவாய். 'கும் புவெல்லா' என்று நெடிலில் முடிந்தால் சிறுமியோடு. எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நெடிலைக் காட்ட மேலே ஒரு கோடு போடுவார்கள், பல புத்தகங்களில் அதையும் போடமாட்டார்கள். அகராதியைப் பார்த்து நீங்களே பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள். 'கல்'லையும் 'கால்'ஐயும் பிரித்துக் கேட்கத் தெரிந்த காதுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. நமக்கு உயிரில்லாததெல்லாம் அஃறிணை, அதோடு முடிந்தது. ரோமானியருக்கு மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால், பரிசு இரண்டும் இல்லை. அது போதாதென்று அடைமொழியும் கூடவே மாற வேண்டும்: மேன்ச மக்ன, லிபெர் மக்னுஸ், தோனும் மக்னும். பெரிய மேசை, பெரிய புத்தகம், பெரிய பரிசு என்று ஒரே 'பெரிய'வைப் போட்டுப் பழகிய பிள்ளை இங்கே திணறும். நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலையை லத்தீனில் பெரும்பாலும் ஒரே வேற்றுமை செய்வதும் ஆரம்பத்தில் குழப்பும். புத்தகம் எந்தப் பாடத்துக்கு எத்தனை நாள் ஒதுக்கியிருந்தாலும் சரி, நீங்கள் நேரத்தை இங்கே செலவழியுங்கள்.

ஆகையால் முதலில் ஆறு மாதம் தமிழ். தினம் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கட்டும். எழுத்துக்கூட்டுவது நிற்கட்டும். இலக்கணம் என்று பெயர் சொல்லிப் பயமுறுத்தாமல், வாசித்த பக்கத்தில் 'ஐ' எங்கே, 'கு' எங்கே என்று பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். மாமனாரிடம் இந்த வேலையை ஒப்படைத்தால் வீட்டில் சமாதானமும் நிலவும்.

இப்போது புத்தகங்கள். 'பிரைமா லத்தீனா' ஒழுங்கானது. இருபத்தைந்து பாடம், பாடத்துக்கு ஐந்து சொல், கூடவே கிறிஸ்தவ ஜெபங்கள், கொஞ்சம் ஆங்கில இலக்கணம். லத்தீன் தெரியாத தாய்மார்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும். ஆனால் அந்த ஆங்கில இலக்கணம் உங்களுக்கு வேண்டாத சுமை. ஜெபம் பற்றி உங்கள் வீட்டில் எப்படியோ, அது உங்கள் முடிவு. 'சாங் ஸ்கூல்' பாட்டாகப் பாடவைக்கும். ஐந்து வயதுக்குச் சரி, ஏழு வயதுக்காரி சீக்கிரம் சலித்துக்கொள்வாள்.

நான் 'மினிமஸ்' என்பேன். பார்பரா பெல் எழுதி 1999-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்டது. மினிமஸ் என்கிற சுண்டெலி, விப்ரிஸா என்கிற பூனை, ஒரு ரோமானியக் குடும்பம், படக்கதை. கதை நடப்பது ரோமானியர் ஆண்ட பிரிட்டனின் வடக்கு எல்லையில் வின்டொலாண்டா என்ற ராணுவ முகாமில். குடும்பத்தலைவி லெப்பிடினா கற்பனைப் பாத்திரமல்ல. அந்த முகாமில் 1973 முதல் மண்ணுக்கடியிலிருந்து மெல்லிய மரப்பட்டிகைகள் கிடைத்தன, எல்லாம் மையால் எழுதியவை. அவற்றில் ஒன்று கிளாடியா செவேரா என்பவள், ஏறக்குறைய கி.பி. 100-இல், தன் பிறந்தநாளுக்கு இந்த லெப்பிடினாவை அழைத்த கடிதம். செப்டம்பர் 11-ஆம் தேதி கட்டாயம் வா என்கிறாள். கடிதத்தை எழுத்தர் யாரோ எழுதியிருக்கிறார்கள். கடைசியில் சில வரி மட்டும் வேறு கையெழுத்து, அவளே எழுதியது. பெண் ஒருத்தி தன் கைப்பட எழுதிய லத்தீனில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றுள் அது ஒன்று. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய இசைகுடிமான ஓலை, அதாவது கல்யாண ஒப்பந்த ஓலை, ஏதாவது இருந்தால் அதையும், அந்தப் பட்டிகையின் படத்தையும் சேர்த்து மகளிடம் காட்டுங்கள். அட்டவணை மனப்பாடத்தால் வராத ஆசை அதில் வரும்.

புத்தகத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. அந்த வீட்டில் அடிமைகள் இருக்கிறார்கள், சமைக்கிறார்கள், சிரிக்கிறார்கள். குழந்தைகளுக்கான ரோமானியக் கதைகளில் இது வழக்கம்தான். மகள் "இவங்க யாரு?" என்று கேட்டால் மழுப்பாதீர்கள். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

ஆங்கிலச் சொல்வளத்துக்காக லத்தீன் என்பது எனக்கு ஒப்பவில்லை. அதுதான் வேண்டுமென்றால் நல்ல ஆங்கிலப் புத்தகங்களை வாசிக்கவிடுங்கள், செலவும் மிச்சம். பரீட்சையைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதுவதற்கே பதினான்கு வயது ஆக வேண்டும்.

லத்தீன் நம் சீமைக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது, மறுபடி காசாகப் புழங்கக் கூடாது என்று செய்திருப்பார்கள் போல. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகளைப் பார்க்கலாம். 'மினிமஸ்' பாதி முடிந்ததும் ஒருமுறை கூட்டிப் போங்கள். காசில் சொற்களை வெட்டிக் குறுக்கியிருப்பார்கள், ஆனாலும் 'சீசர்' என்ற பெயரை அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

காசு வந்ததற்குப் பல நூற்றாண்டு கழித்துப் பாதிரிகள் வந்தார்கள். வீரமாமுனிவர் நம் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. லத்தீன் தெரிந்தவனுக்கு, அவனுக்குத் தெரிந்த வேற்றுமைகளைக் கொண்டே தமிழைப் புரியவைத்தார். நான் உங்களைச் செய்யச் சொல்வது அதே வேலைதான், எதிர்த்திசையில்.

உச்சரிப்பு இரண்டு. கிறிஸ்தவக் கோயில் உச்சரிப்பில் சீசர் 'ச்சேசர்'. பழைய ரோமானிய உச்சரிப்பில் 'கைசர்'. குறில் நெடில் சுத்தமாகத் தெரிவது இரண்டாவதில் என்பதால் நான் அதைச் சொல்வேன். ஆனால் உங்கள் ஊரிலோ சருகணிப் பக்கமோ ஓய்வுபெற்ற முதிய பாதிரியார் கிடைத்தால் யோசிக்காமல் முதலாவதுக்கு மாறிவிடுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன், அதாவது 1960-களின் தொடக்கம் வரை, பூசை முழுக்க லத்தீனில்தான். அந்தக் காலத்தில் குருமடத்தில் படித்தவர்களுக்கு லத்தீன் நாக்கிலேயே இருக்கும். எனக்குத் தெரிந்த கொஞ்சமும் அப்படி ஒருவரிடம் சாயங்கால நேரங்களில் கற்றதுதான். உயிருள்ள ஒரு வாய், எந்த உச்சரிப்பானாலும், ஒலிப்பதிவைவிட மேல்.

உங்களால் சொல்லிக்கொடுக்க முடியும். ஒரு பாடம் முன்னால் போய்க்கொண்டிருந்தால் போதும். தினம் கால் மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பழக்காதீர்கள். நான் இங்கே எழுதியது உங்களுக்குப் புரியவைக்கத்தான். p-யும் b-யும் ஒரே 'ப' ஆகிவிடும், பிறகு திருத்துவது கஷ்டம்.

பத்து வயதுக்கு மேல் டென்மார்க்காரர் ஹான்ஸ் ஓர்பெர்க் எழுதிய 'லிங்குவா லத்தீனா'வுக்குப் போகலாம். முதல் வரியிலிருந்து கடைசி வரை லத்தீனிலேயே ஓடும் புத்தகம், நடுவில் ஆங்கிலம் தரகு வேலை பார்க்காது. ஆர்வத்தில் இப்போதே வாங்கி அலமாரியில் வைக்காதீர்கள். முதலில் 'மினிமஸ்' மாணவர் புத்தகம் ஒன்று மட்டும் போதும். ஆசிரியர் கையேடு தேவைப்படுகிறதா என்று நாலைந்து பாடம் போன பிறகு பாருங்கள்.