கார்துங் லாவில் லாரி இரண்டாகத் தெரிந்தது

கேள்வி: லடாக்கில் லே நகரில் இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டுத்தான் கார்துங் லா கணவாய்க்கு ஏறினோம். மேலே போனதும் எதிரே வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது. நுப்ரா பக்கம் இறங்கியதும் சரியாகிவிட்டது. சின்ன வயதில் எனக்கு லேசான மாறுகண் இருந்து, கண்ணாடி போட்டுச் சரியானது. பழையபடி திரும்புகிறதா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: இறங்கியதும் சரியானது நல்ல செய்திதான், ஆனாலும் ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கார்துங் லா சுமார் 17,500 அடி உயரம். அங்கேயும் காற்றில் ஆக்ஸிஜன் அதே 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது பாதிதான். நம் இரண்டு கண்களும் ஒரே இடத்தைப் பார்ப்பது தானாக நடப்பது போலத் தோன்றும். உண்மையில் கண்ணுக்கு ஆறு என்று மொத்தம் பன்னிரண்டு தசைகளை மூளை விடாமல் இழுத்துப் பிடித்து, இரண்டு பிம்பங்களையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. உங்களைப் போல மாறுகண் சரியானவர்களிடம் கண் விலகப் பார்க்கும் அந்தச் சுபாவம் உள்ளே கொஞ்சம் மிச்சமிருக்கலாம். ஊரில் மூளை அதைச் சமாளித்துவிடும். ஆக்ஸிஜன் குறைந்து, தூக்கமும் கெட்டு, உடம்பும் அலுத்துப்போனால் அந்தப் பிடி தளர்ந்துவிடும், அப்போதுதான் லாரி இரண்டாகிறது.

அடுத்தமுறை இப்படி ஆனால் ஒரு உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், அப்புறம் மற்றதை. எதை மூடினாலும் ஒன்றாகத் தெரிந்தால் கண்கள் நேர்க்கோட்டிலிருந்து விலகியிருக்கின்றன என்று அர்த்தம். ஒரு கண்ணை மூடிய பிறகும் இரண்டாகவோ மங்கலாகவோ தெரிந்தால் கோளாறு அந்தக் கண்ணிலேயே இருக்கலாம். உயரத்தில் விழித்திரையில் ரத்தக்கசிவுகூட ஏற்படுவது உண்டு. இதையெல்லாம்விட முக்கியம், இரட்டைப் பார்வையோடு நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், கடும் தலைவலியும் வாந்தியும் வந்தால் அது மூளை வீக்கமாக இருக்கலாம். அப்போது "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், ராத்திரியானாலும் உடனே கீழே இறங்க வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டர் கிடைத்தால் வைத்துக்கொண்டே இறங்குங்கள்.

கேள்வி: கண்ணாடியைத் தவிர்க்க லேசரால் செய்யும் லேசிக் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மலையேறலாமா?

பதில்: காயம் நன்றாக ஆறியிருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, கண் வறட்சிக்குச் சொட்டு மருந்து மட்டும் கையில் இருக்கட்டும். பயப்பட வேண்டியது பழைய முறை. கருவிழியில் கத்தியால் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலக் கீறிச் செய்வார்களே, அது. கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது, காற்றிலிருந்து நேராக ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது. அது குறைந்தால் வீங்கும், கீறிய இடங்களில் வடிவமே மாறிப்போகும். 1996 மே மாதம் எவரெஸ்ட்டில் அமெரிக்க மருத்துவர் பெக் வெதர்ஸுக்கு இப்படித்தான் பார்வை மங்கி, சிகரத்துக்குப் போகும் வழியிலேயே நின்றுவிட வேண்டியதாயிற்று.

கேள்வி: அப்பாவுக்கு விழித்திரை ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வாயு நிரப்பியிருக்கிறார்கள். மதுரையிலிருந்து கொடைக்கானல் அழைத்துப் போகலாமா?

பதில்: கூடவே கூடாது. மேலே ஏற ஏற அந்த வாயுக்குமிழி விரியும், கண் அழுத்தம் எகிறும், பார்வையே போய்விடலாம். வாயுவின் வகையைப் பொறுத்து அது கரைய இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம்வரை ஆகும். முழுவதும் கரைந்துவிட்டது என்று ஆபரேஷன் செய்த மருத்துவரே பார்த்துச் சொல்லும்வரை விமானமும் வேண்டாம், கொடைக்கானலும் வேண்டாம்.